ஜாடியில் இருக்கும் நகக் கணவாய் எந்தச் சிற்றினம்?

வேலூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். துறை மியூசியத்தில் ஒரு பழைய ஜாடி, உள்ளே ஒரு கணவாய். லேபிளில் ‘ஒனைக்கோட்யூதிஸ் பாங்க்ஸி, வங்காள விரிகுடா’ என்று மைப்பேனாவில் எழுதியிருக்கிறது. ஒனைக்கோட்யூதிஸ் என்பது நகக் கணவாய்ப் பேரினத்தின் பெயர். நெட்டில் தேடினால் ஒனைக்கோட்யூதிஸ் பொரியாலிஜபோனிக்கா என்று இன்னொன்று வருகிறது. படத்தில் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றன. நீளக் கை நுனியில் இருக்கும் கொக்கியை எண்ணினால் பிரித்துவிடலாம் என்று எங்கோ படித்து, எண்ணியும் பார்த்திருக்கிறார். 23 வந்ததாம். ‘அப்போது இது பாங்க்ஸிதானே? இரண்டுக்கும் வேறு என்ன வித்தியாசம்?’ என்று முடித்திருக்கிறார்.

மேலுக்குப் பார்த்தால் இது இரண்டு சிற்றினங்களை ஒப்பிடச் சொல்லும் கேள்வி. உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது, அந்த ஜாடியின் மேல் எந்தப் பெயரை எழுதுவது என்பதுதான். முதலாவதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டாவதற்கு ஒரு வரி போதும்: பிடித்த இடம் வங்காள விரிகுடா என்பது உண்மையானால், அந்த இரண்டு பெயர்களில் எதையும் எழுதாதீர்கள்.

நான் பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் படித்தவன். மிதவை உயிரிகள்தான் என் பாடம். கணவாய் நிபுணன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் மிதவை வலையில் கணவாய்க் குஞ்சுகளும் வரும், அவற்றைப் பொறுக்கிப் பெயரிடும் வேலை எங்களில் இளையவன் தலையில் விழும், நான்தான் இளையவன். அப்புறம் ஊருக்குத் திரும்பி முப்பது வருஷம் வட ஆற்காட்டில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தேன். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கே திரும்பிவிட்டதால் நடுவில் ஓர் இடம் காலி. கடல் இல்லாத ஊரில் கடல் மியூசியம் என்று அங்கே என்னைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். சிற்றினத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், ஜாடியில் இருப்பது அந்தப் பேரினம்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பலரும் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய்க் கால் கிலோ கடம்பா, அதாவது கரையோரக் கணவாய், வாங்கி வாருங்கள். அதன் கண்ணை விரல் நுனியால் மெல்லத் தொட்டால் மேலே ஒரு மெல்லிய, கண்ணாடி போன்ற தோல் மூடியிருப்பது தெரியும். கரையோரக் கணவாய்களின் அடையாளம் அது. ஜாடியில் இருப்பதற்கு அந்தத் தோல் இருக்காது. கண் நேராகத் திறந்திருக்கும். நடுக்கடல் கணவாய்கள் அப்படித்தான். இரண்டுக்கும் எட்டுக் கைகள், இரண்டு நீளக் கைகள். கடம்பாவின் நீளக் கை நுனியை லென்ஸில் பார்த்தால் உறிஞ்சிகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு உறிஞ்சிக்குள்ளும் ஒரு வளையம், அதன் விளிம்பில் ரம்பம் போல் பற்கள். கொக்கி என்று ஒன்றுகூட இருக்காது.

கொக்கி இருந்தாலே நம்ம ஆள்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். கொக்கி வைத்த கணவாய்க் குடும்பங்கள் பல. அப்ராலியா என்று விரல் நீளத்துக்கு ஒன்று நம் கடல்களில் உண்டு. அதற்கு எட்டுக் கைகளிலும் கொக்கி இருக்கும். தென் துருவக் கடலில் இருக்கும் ராட்சசக் கணவாய்க்கும் கைகளில் கொக்கி, நீளக் கைகளில் சுழலக்கூடிய கொக்கி, ஆனால் அது முற்றிலும் வேறு குடும்பம். ஒனைக்கோட்யூதிஸ் குடும்பத்தில் கொக்கி இரண்டு நீளக் கைகளின் நுனியில் மட்டும்தான். எட்டுக் குட்டைக் கைகளில் வெறும் உறிஞ்சிகள். ஆகவே முதலில் எட்டையும் ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். அடுத்து, தண்ணீரைப் பீய்ச்சும் குழாயான புனல் உடலோடு பூட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் குருத்தெலும்பு. நம்முடையதில் அது நேராக, ஒரு கோடு போல இருக்க வேண்டும். அரபிக் கடலில் ஏராளமாக இருக்கும் ஊதா முதுகுப் பறக்கும் கணவாயில் அது ஆங்கில ‘T’ எழுத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும்.

அதுவும் சரியாக இருந்தால், முதுகின் நடுவில் கழுத்திலிருந்து வால் வரை ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். அது நிறம் இல்லை. கடம்பாவைச் சுத்தம் செய்யும்போது உள்ளேயிருந்து உருவி எறிவோமே, கண்ணாடித் தகடு போல ஒன்று, அதுதான். இந்தப் பேரினத்தில் முதுகுத் தகட்டின் மேல் தசை மூடாததால் தோல் வழியாகவே தெரிகிறது. கடைசியாக வயிற்றுப் பக்கம் கீறித் திறந்தால் மைப்பையை ஒட்டி இரண்டு உருண்டைகள் இருக்கும். முன்னால் இருப்பது சிறியது, பின்னால் இருப்பது பெரியது. இரண்டும் ஒளி உறுப்புகள். உயிரோடு இருக்கும்போது ஒளிர்ந்தவை, ஃபார்மலினில் ஊறி வெந்த முட்டை வெள்ளை போல மங்கியிருக்கும். இத்தனையும் இருந்தால் அது ஒனைக்கோட்யூதிஸ். இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை; நீங்களும் தைரியமாக ரெக்கார்டு நோட்டில் எழுதலாம்.

பெயரின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பமே அங்கேதான் தொடங்கியது. 1816-ல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றை ஆராய இங்கிலாந்திலிருந்து கேப்டன் டக்கி தலைமையில் ஒரு பயணக் குழு போனது. அதில் உயிரினங்களைச் சேகரிக்கப் போனவர் ஜான் க்ராஞ்ச். இந்த மனிதர் தொழிலால் செருப்புத் தைப்பவர். சின்ன வயதில் செருப்புப் பட்டறையில் வேலைக்குச் சேர்க்கப்பட்டு, தானாகவே பூச்சி, சிப்பி, நண்டு என்று படித்து வளர்ந்தவர். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிக்குப் போகும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை நான் ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். அந்தப் பயணம் காய்ச்சலில் அழிந்தது. டக்கியும் செத்தார், க்ராஞ்சும் அதே வருஷம் செத்தார், வயது 31. அவர் பாட்டிலில் போட்டு வைத்த உயிரினங்கள் மட்டும் லண்டன் போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்த வில்லியம் லீச் 1817-ல் அவற்றுக்குப் பெயர் வைத்தார். ஒன்றுக்கு க்ராஞ்ச் நினைவாக க்ராங்கியா. நான் மேலே சொன்ன தென் துருவ ராட்சசன் இன்று அந்தக் க்ராங்கியாவின் குடும்பத்தில்தான் இருக்கிறது. இன்னொன்றுக்கு, பயணத்துக்குப் பின்னணியில் இருந்த ஜோசஃப் பேங்க்ஸின் பெயர். அதுதான் பாங்க்ஸி. லீச் அதை லோலைகோ என்ற பேரினத்தில் வைத்தார். அடுத்த வருஷமே ஜெர்மனியின் லிக்டன்ஸ்டைன் ஒனைக்கோட்யூதிஸ் என்று தனிப் பேரினம் உண்டாக்கினார். கிரேக்கத்தில் நகம், கணவாய் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்தது. ஜப்பானியர் சொல்லும் த்சுமே-இகா என்பதும் அதே பொருள்தான். நானும் வகுப்பில் நகக் கணவாய் என்றே சொல்லி வந்தேன்.

ஆக பாங்க்ஸி என்ற பெயருக்குச் சொந்தமான உருப்படி அட்லாண்டிக் கடலில் கிடைத்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூற்றைம்பது வருஷத்தில் உலகத்தின் எந்த வெப்பக் கடலில் நகக் கணவாய் கிடைத்தாலும், புத்தகத்தில் இருந்தது அந்தப் பெயர் என்பதால், அதையே எழுதிவிட்டார்கள். இந்தியப் பெருங்கடலா, பாங்க்ஸி. ஹவாயா, பாங்க்ஸி. பெங்களூர் ஹைவேயில் போனால் இருபது கிலோமீட்டருக்கு ஒரு ‘ஆம்பூர் பிரியாணி’ போர்டு பார்க்கலாம். சீரகச் சம்பா, காய்ந்த மிளகாய் விழுது என்று ஆம்பூரில் பண்ணுவதற்கும் அந்தக் கடை அண்டாவில் இருப்பதற்கும் என்ன உறவு என்று சாப்பிட்டவருக்குத்தான் தெரியும். பாங்க்ஸி என்பதும் அப்படி ஒரு போர்டாகிப் போனது. ‘உலகெங்கும் வெப்பக் கடல்களில் காணப்படும்’ என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் வரி அந்த போர்டைப் பார்த்து எழுதியதுதான்.

இந்தக் கூட்டத்திலிருந்து முதலில் தெளிவாக வெளியே வந்தவற்றில் ஒன்று நீங்கள் கேட்ட இரண்டாவது சிற்றினம். 1927-ல் ஜப்பானின் ஒகாடா, வட பசிபிக் உருப்படிகளைத் தனியாகப் பிரித்து பொரியாலிஜபோனிக்கா என்றார். ‘வட ஜப்பானியது’ என்று பொருள். 1987-ல் ரிச்சர்ட் யங், ராபர்ட் ஹார்மன் என்ற இருவர் ஹவாய்க் கடலில் பாங்க்ஸி கூட்டத்தின் குஞ்சுகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். தோலில் இருக்கும் நிறப்புள்ளிகளின் அமைப்பை வைத்து மூன்று சிற்றினங்கள் தனித்தனியே தெரிந்தன. பெரியதாகிவிட்டால் ஒன்றுபோல் தெரியும் மூன்று, குஞ்சில் வேறு வேறு. கடைசியாக 2010-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தைச் சேர்ந்த கத்ரின் போல்ஸ்டாட் இந்தக் குடும்பம் முழுவதையும் மறுபடி அலசி ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார். பல மியூசிய உருப்படிகளை எடுத்து, புதிய சிற்றினங்களைச் சேர்த்து, பழைய பெயர்களைத் தூசு தட்டி, பாங்க்ஸியை அட்லாண்டிக்குக்குள் நிறுத்தினார். நெட்டில் இன்னும் பல பக்கங்கள் ‘உலகெங்கும்’ என்றே சொல்லும். அவை பழைய நூல்களைப் பார்த்து எழுதியவை. எதை நம்புவது என்று கேட்டால், நான் உருப்படிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர் பக்கம்.

இப்போது ஒப்பீடு. பாங்க்ஸி அட்லாண்டிக்கின் வெப்ப, மித வெப்பப் பகுதி. பொரியாலிஜபோனிக்கா வட பசிபிக், ஜப்பான் பக்கத்திலிருந்து அமெரிக்கக் கரை வரை. கோடையில் இரை தேடி வடக்கே குளிர்ந்த நீருக்குப் போகும், முட்டையிடத் தெற்கே திரும்பும். இரண்டும் எங்கேயும் ஒரே வலையில் சேர்ந்து விழ வழியில்லை. உண்மையில் இதுதான் இரண்டையும் பிரிக்கும் மிகச் சிறந்த அடையாளம், வேடிக்கையாக இருந்தாலும். நீளக் கையின் நுனிக் கொக்கிகள் பாங்க்ஸியில் 20-ஐச் சுற்றி, ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும். மற்றதில் 25-ஐச் சுற்றி. சராசரியில் வித்தியாசம் நிஜம், ஆனால் நடுவில் 23, 24 என்று ஒரு இடத்தில் இரண்டின் எல்லையும் வந்து முட்டிக்கொள்கிறது. உங்கள் ஜாடி சரியாக அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. உடல் அளவில் பசிபிக்காரர் கொஞ்சம் பெரியவர்; முதிர்ந்த பெண்ணுக்கு உடல் மட்டுமே ஓரடியைத் தாண்டும். ஆனால் அளவை வைத்து ஒரு தனி உருப்படிக்குப் பெயர் வைக்க முடியாது, சின்னதாக இருப்பது இளசாக இருக்கலாம். நிறம், துடுப்பின் வளைவு, உடல் ஒல்லியா பருமனா என்பதெல்லாம் ஃபார்மலினில் சுருங்கிய பிறகு பேச்சுக்கே எடுக்க வேண்டாம்.

மனிதருக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பிலும் ஒரு வித்தியாசம் உண்டு. பொரியாலிஜபோனிக்கா ஜப்பானியரின் நடுக்கடல் வலைகளில், சிவப்புக் கணவாய் எனப்படும் வேறொன்றைப் பிடிக்கப் போட்டபோது, கூடவே வந்தது. மைல் கணக்கில் நீளும் அந்த மிதவைச் செவுள் வலைகளை ஐ.நா. தீர்மானத்தின்படி 1992 முடிவோடு நிறுத்தினார்கள். டால்பின், கடற்பறவை என்று எல்லாம் மாட்டிச் செத்துக்கொண்டிருந்தன. அந்த வலைகள் இருந்த காலத்தில் கிடைத்த உருப்படிகள் இந்தச் சிற்றினத்தின் இடப்பெயர்ச்சியைப் புரிந்துகொள்ள உதவின. பாங்க்ஸிக்கு அப்படி ஒரு மீன்பிடியே கிடையாது.

கொக்கியை எண்ணியது பற்றி. உங்கள் 23 சரியா என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நானே மூன்று தடவை எண்ணி மூன்று எண் எழுதியிருக்கிறேன். இப்படிச் செய்யுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, உருப்படியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவிடுங்கள். வெள்ளை எனாமல் தட்டில் நீளக் கையை மட்டும் உள்பக்கம் மேலே தெரியும்படி பரப்புங்கள். நுனிப் பகுதி கொஞ்சம் அகன்று ஒரு சின்னக் கரண்டி போல இருக்கும். அது தொடங்கும் இடத்தில், மணிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், வட்டமாக ஒரு திட்டு: குட்டி உறிஞ்சிகளும் குமிழ்களும் கலந்தது. வலக்கைத் திட்டின் குமிழ் இடக்கைத் திட்டின் உறிஞ்சியில் போய்ப் பூட்டிக்கொள்ளும்; அப்போது இரண்டு நீளக் கைகளும் சேர்ந்து ஒரு இடுக்கி. இரை அந்த இடுக்கியில் மாட்டும். இந்தத் திட்டில் இருப்பவை கொக்கி இல்லை, எண்ணிவிடாதீர்கள்.

திட்டைத் தாண்டினால் கொக்கிகள் இரண்டு வரிசையாகத் தொடங்கும். ஒரு வரிசை பெரிது, அதிலும் நடுவில் இருப்பவை எல்லாவற்றிலும் பெரிது. வெல்லப்பாகு நிறத்தில், உள்ளிருந்து வெளிச்சம் வருவது போல மின்னும். பக்கத்து வரிசை சன்னமானது. ஒவ்வொன்றும் ஒரு சதை உறைக்குள் உட்கார்ந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். செருப்புத் தைக்கும் குத்தூசியின் முனை வளைவைப் பார்த்திருப்பீர்கள், கிட்டத்தட்ட அதுதான். இந்தக் கொக்கி புதிதாக முளைத்த உறுப்பு இல்லை, உறிஞ்சிதான் உருமாறியிருக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அந்த இடத்தில் உறிஞ்சிகளே இருக்கும். வளர வளர வளையத்தின் ஒரு பல் மட்டும் நீண்டு, வளையம் இரண்டு பக்கமும் மடிந்து மூடி, கொக்கியாகிறது. ஊசியால் உறையை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் ஒரு பிளவு தெரியும், பழைய வளையத்தின் வாய் அது. நான் முதன்முதலில் அதைப் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

தப்பு நேர்வது இரண்டு முனைகளிலும்தான். கரண்டியின் கடைக்கோடியில் கொக்கிகள் கடுகளவுக்குச் சின்னதாகி உறைக்குள் மறைந்திருக்கும். அதற்கும் அப்பால் குட்டி உறிஞ்சிகளின் திட்டு ஒன்று உண்டு. உடைந்து விழுந்த கொக்கியின் உறை காலியாக இருக்கும், அதையும் ஒன்றாக எண்ண வேண்டும். மணிக்கட்டிலிருந்து நுனிக்கு ஒரு தடவை, நுனியிலிருந்து மணிக்கட்டுக்கு ஒரு தடவை. இடது, வலது தனித்தனியாக எழுதுங்கள். இரண்டும் சமமாக வராவிட்டால் சமப்படுத்தாதீர்கள். ஒரு நீளக் கை அறுந்து போயிருந்தால், பழைய ஜாடிகளில் அது சகஜம், அதையும் எழுதுங்கள்.

அப்படி எண்ணி மறுபடியும் 23 வந்தாலும் அது பாங்க்ஸி ஆகிவிடாது. நீங்கள் இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு இதுவா அதுவா என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்குள்ளேயே மூன்றாவது கதவு அடைபட்டுவிட்டது. இந்தப் பேரினத்தில் இன்று ஏழெட்டுக்குக் குறையாத சிற்றினங்கள். 20-ஐச் சுற்றிய கொக்கி எண்ணிக்கை பாங்க்ஸியின் தனிச் சொத்து இல்லை, அதன் சகோதரர்கள் பலருக்கும் பொது. எண்ணிக்கை உங்களுக்குச் சொல்வது ‘இது பொரியாலிஜபோனிக்கா ஆக இருக்க வாய்ப்பு குறைவு’ என்பதை மட்டும். அது வங்காள விரிகுடாவுக்கு வர வேலையில்லை என்பது கொக்கியை எண்ணாமலே தெரிந்த விஷயம்.

போட்டோ அனுப்பினால் அதை வைத்து நான் வேறு பெயர் சொல்வேனா என்றால், மாட்டேன். ஒளி உறுப்புகளின் அளவு, கழுத்து மடிப்புகளின் எண்ணிக்கை, கைகளில் உறிஞ்சிகள் எத்தனை, முதுகுத் தகட்டின் வடிவம் என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தக் கூட்டத்தில் சிற்றினம் பிடிபடும். அதையும் பெயர் தெரிந்த உருப்படியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். வேலூரில் அது நடக்காது. டிஎன்ஏ எடுக்கலாமே என்பீர்கள். ஃபார்மலின் திசுவை இறுக்கிக் கட்டிவிடும், டிஎன்ஏ துண்டு துண்டாகும். ஒரு சிற்றினத்தைச் சொல்லப் பொதுவாகப் படிக்கும் 658 எழுத்துத் துண்டு முழுசாகக் கிடைப்பது பழைய ஃபார்மலின் ஜாடியில் அபூர்வம். பிடித்த அன்றே ஒரு துளி தசையை ஆல்கஹாலில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே தேவைப்பட்டிருக்காது. தலைக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லை எடுத்து வளையம் எண்ணி வயது சொல்லலாம் என்பதும் இங்கே உதவாது. பழைய ஃபார்மலின் அமிலமாகி அந்தக் கல்லைக் கரைத்திருக்கும். கொக்கியும் அலகும் கைட்டினும் புரதமும் சேர்ந்தவை, அதனால் தப்பித்தன. திமிங்கில வயிற்றில்கூட அலகு மட்டும் செரிக்காமல் மிஞ்சுவது அதனால்தான்.

லேபிள் எழுதியவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, ஏனென்றால் நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு ஆராய்ச்சிக் கப்பலில் போனபோது, விடியற்காலையில் தளத்தைக் கழுவ வந்தவர் வாளிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கணவாய் கிடப்பதைக் காட்டினார். ராத்திரி விளக்கு வெளிச்சத்துக்கு வந்து, ஏதோ துரத்தியதில் தண்ணீரிலிருந்து எகிறி விழுந்திருக்கிறது. இந்த வகையில் இளசுகள் அப்படிக் குதித்துக் கப்பல் தளத்தில் விழுவது புதிதில்லை. முதுகில் கறுப்புக் கோடு, நீளக் கையில் கொக்கி. கையில் இருந்த ஒரே நூலைப் புரட்டினேன், அதில் ஒரே பெயர். ஐந்து நிமிஷத்தில் பாங்க்ஸி என்று எழுதி ஜாடிக்குள் போட்டேன், கொக்கியை எண்ணக்கூட இல்லை. உங்கள் ஜாடி என்னுடையது இல்லை, என் கையெழுத்து அவ்வளவு நன்றாக இருக்காது. ஆனால் எழுதியவருக்கும் அந்த ஐந்து நிமிஷம்தான் இருந்திருக்கும்.

இனி செய்ய வேண்டியது. பழைய லேபிளைக் கிழிக்காதீர்கள். ஒரு தடித்த காகிதத்தில் பென்சிலால் ‘ஒனைக்கோட்யூதிஸ், சிற்றினம் உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதி, கீழே நீங்கள் எண்ணிய கொக்கிகளின் எண்ணிக்கை, தேதி, உங்கள் பெயர் போட்டு, பழையதோடு சேர்த்து உள்ளே போடுங்கள். ரெக்கார்டு நோட்டிலும் அதே பெயர்தான். உங்கள் ஆசிரியர் ‘லேபிளில் பாங்க்ஸி என்று இருக்கிறதே’ என்று கேட்டால், ‘அது அட்லாண்டிக் சிற்றினம், 2010 மறு ஆய்வுப்படி’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எக்ஸ்டர்னல் தேர்வாளர் வரும் அன்றைக்கு மட்டும் இந்த விவாதத்தைத் தொடங்க வேண்டாம்.

மூடியின் விளிம்பில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஃபார்மலின் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் ஊர் மே மாதத்துக்கு முன்னால் திரவத்தை மாற்றி, விளிம்பில் வாஸ்லின் தடவி இறுக்குங்கள். மாற்றும்போது பழைய லேபிளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கப்பலில் பிடித்ததாக இருந்தால் பெரும்பாலும் அங்கே பென்சிலில் ஒரு நிலைய எண் (கப்பல் நின்று வலை போட்ட இடத்தின் எண்), ஆழம், தேதி இருக்கும். மைப்பேனாப் பெயரை விட அதுதான் எனக்கு வேண்டும். இருந்தால் இங்கேயே ஒரு போட்டோ போடுங்கள், அந்த எண்ணை வைத்து எந்தப் பயணம் என்று தேடிப் பார்க்கலாம்.